மனச்சிதைவு நோய்க்கு டோபமின் மட்டும்தான் காரணமா?

மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின் என்னும் வேதிப்பொருள் மிகுவதால்தான் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) வருகிறது என்றால், அதை அடக்கும் மாத்திரையைச் சாப்பிட்டும் ஏன் பலருக்கு முழுமையாகக் குணமாவதில்லை, அதை எத்தனை காலம் சாப்பிட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். இந்த நோயுள்ள தம்பியுடன் வாழ்பவன் என்ற முறையில், படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்தவற்றை எழுதுகிறேன்.

டோபமின் கொள்கை, மருந்து வந்த பிறகு பிறந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன் நோயாளிகளை அமைதிப்படுத்தப் பயன்பட்ட குளோர்புரோமசினை, 1952-இல் பிரான்சு நாட்டு மனநல மருத்துவர்கள் தம் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது மாயக் குரல்களும் வீண் சந்தேகங்களும் அடங்கின. அந்த மருந்து, நரம்பணுக்களில் டோபமின் வந்து பற்றும் இடங்களான ஏற்பிகளை அடைக்கிறது என்பது பல ஆண்டுகள் கழித்தே தெளிவானது. டோபமினைத் தூண்டும் ஆம்ஃபெட்டமின் என்னும் ஊக்க மருந்தை மிகுதியாக உட்கொள்வோருக்கு இதே போன்ற சந்தேகமும் பிரமையும் தோன்றுவது கொள்கைக்கு வலுச் சேர்த்தது. ஆகவே அது பொய்யன்று. ஆனால் டோபமின் ஏன் மிகுகிறது என்பதற்கு அதில் விடையில்லை.

அந்த விடையின் ஒரு பகுதி மரபணுக்களில் இருக்கிறது. ஒரே கருமுட்டையிலிருந்து உருவான இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ பாதி அல்லது அதற்கும் குறைவு. மரபணு மட்டுமே காரணமாயின் இருவருக்கும் தவறாமல் வந்திருக்க வேண்டும். இளம்பருவத்தில் மூளை தனக்கு வேண்டாத நரம்பு இணைப்புகளைத் தானே களைகிறது. சி4 என்னும் மரபணுவின் சில வடிவங்கள் இந்தக் களையெடுப்பை அளவுக்கு மீறச் செய்யக்கூடும் என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. நோய் பெரும்பாலும் பதின்பருவ இறுதியிலும் இருபதுகளிலும் வெளிப்படுவதோடு இது பொருந்தி வருகிறது. கருவிலிருக்கும்போது தாய்க்கு ஏற்படும் கடும் பட்டினி, பிரசவச் சிக்கல், இளவயதில் மிகுந்த கஞ்சாப் பழக்கம் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. தாயின் வளர்ப்பே இதற்குக் காரணம் என்று சென்ற நூற்றாண்டின் நடுவில் மருத்துவர்களே எழுதினார்கள். அந்தப் பழிக்கு ஆதாரம் ஏதும் கிடைக்கவில்லை.

மருந்து குரல்களை அடக்குகிறது. ஆனால் குளிக்கவோ பேசவோ விருப்பமற்றுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் நிலையையும், கவனச் சிதறலையும் அது அவ்வளவாகத் தொடுவதில்லை. உறவினர்கள் சோம்பேறித்தனம் என்று ஏசுவது நோயின் இந்தப் பகுதியைத்தான். அளவைக் கூட்டினாலும் பயனில்லை. ஏற்பிகளில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் அடைபட்டால் உடல் விறைப்பும் நடுக்கமும் வருகின்றன. என் தம்பி ஒருமுறை சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாய்க்குள் எழுந்துவிடுவான். நின்றாலும் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பான். மருத்துவர் அவன் கால்களைக் கவனித்ததும், இது நோயல்ல, மருந்து செய்யும் வேலை என்று சொல்லி அளவைக் குறைத்தார்.

இரண்டு மருந்துகளை உரிய அளவில், உரிய காலம் கொடுத்தும் பலனில்லாதவர்களுக்குக் குளோசபின் தருகிறார்கள். டோபமின் ஏற்பிகளை மற்றவற்றைவிடத் தளர்வாகவே பற்றும் இந்த மருந்து, மற்றவை தோற்ற இடத்தில் வெல்வதே டோபமின் முழுக் கதையல்ல என்பதற்கு நல்ல சான்று. வெள்ளணுக்கள் அபாயகரமாகக் குறையக்கூடும் என்பதால் தொடக்க மாதங்களில் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை செய்வது வழக்கம். மலச்சிக்கலையும் இம்மருந்தில் அலட்சியம் செய்யக் கூடாது. 2024-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்த சானோமெலின்–டிராஸ்பியம் கூட்டு மருந்து, டோபமின் ஏற்பிகளை நேரடியாக அடைக்காமல் அசிட்டைல்கோலின் என்னும் வேறொரு மூளை வேதிப்பொருளின் ஏற்பிகள் வழியே செயல்படுகிறது.

காலம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். முதல்முறை நோய் வந்து தெளிந்தவரையும் குறைந்தது ஓரிரு ஆண்டுகள் மருந்தைத் தொடரச் சொல்வார்கள். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு அது நெடுங்காலம் நீளும். நிறுத்துவதாயின், மருத்துவரின் கண்காணிப்பில் மெல்ல மெல்லக் குறைத்தே நிறுத்த வேண்டும். அன்றாடம் மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசிகள் உண்டு. பாலிபெரிடோன் என்னும் மருந்தில் மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் ஒருமுறை போடுபவையும் வந்துவிட்டன. தம்பி மாத ஊசிக்கு மாறியபின், "மாத்திரை போட்டாயா?" என்று அம்மா தினமும் கேட்பதும், அதை வைத்து இருவரும் சண்டையிடுவதும் நின்றுவிட்டன.