கைவினைஞருக்கு என்ன கிடைக்கிறது?

கேள்வி: வெளிநாட்டுக் கலைஞர்கள் ஓர் ஊரில் தங்கிப் பணிபுரியும் 'ரெசிடென்சி' திட்டங்களால் அங்குள்ள பாரம்பரியக் கைவினைஞர்களுக்குப் பயன் உண்டா?

பதில்: உண்டு, ஆனால், வருபவர் கற்றுக்கொள்ளும் மனத்துடன் வர வேண்டும். இத்தகைய திட்டங்கள் பெருகுவதற்கு வெகுகாலம் முன்பே, 1951-இல் ஜப்பானின் கிஃபு நகருக்குச் சென்ற அமெரிக்கச் சிற்பி இசாமு நொகுச்சி, மர அச்சின்மேல் மூங்கில் இழையைச் சுற்றி, அதன்மீது வாஷி எனும் ஜப்பானியப் பாரம்பரியக் காகிதத்தை ஒட்டி, பசை உலர்ந்தபின் அச்சைப் பிரித்தெடுக்கும் அவ்வூர் விளக்குக் கைவினைஞர்களின் முறையை ஏற்று, மெழுகுவத்திக்குப் பதிலாக மின்விளக்கைப் பொருத்தி, 'அகாரி' விளக்குகளை வடிவமைத்தார். அவை இன்றும் கிஃபுவிலேயே கையால் செய்யப்படுகின்றன. வேலை ஊரை விட்டுப் போகவில்லை என்பதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். கைவினைஞரை வெறும் கூலியாளாக நடத்தும் திட்டங்களும் இருப்பது வேதனைக்குரியது. ஆகவே ஊதியம், படைப்பில் இடம்பெறும் பெயர், வடிவத்தின் மீதான உரிமை ஆகியவற்றை, பணி தொடங்குமுன்பே கைவினைஞரின் தாய்மொழியில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.