லெவல் 100 கார்சாம்ப் ஏன் எப்பவும் ரெண்டாவதா அடிக்குது?

"அண்ணா, நான் போக்கிமான் ஸ்கார்லெட் ஆடுறேன். என்கிட்ட இருக்கிற டிராகன் போக்கிமான் கார்சாம்ப் லெவல் 100, நேச்சர் அடமண்ட். ஆன்லைன் ரேங்க்டு பேட்டில்ல எதிர்ல அதே கார்சாம்ப் வந்தா அதுதான் எப்பவும் முதல்ல அடிக்குது, என்னோடது ஒரே அடியில மயங்கி விழுந்துடுது. ஸ்பீடு ஏத்தலாம்னு கார்போஸ் வாங்கி கொடுத்தா அதையும் எடுத்துக்க மாட்டேங்குது. இதை விட்டுட்டு புதுசா ஒண்ணு பிடிச்சு வளர்க்கணுமா?"ன்னு ஒரு தம்பி கேட்டிருக்கார்.

புதுசு வேண்டாம் தம்பி. கதை முழுக்க உன்கூட வந்த போக்கிமானை ஓரங்கட்டாத, அதையே சரி பண்ணிடலாம்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ, ரேங்க்டு பேட்டில்ல எல்லா போக்கிமானையும் கேமே லெவல் 50-க்கு கொண்டு வந்துடும். அதனால நீ கஷ்டப்பட்டு ஏத்தின 100 அங்க செல்லாது. அப்புறம் எதுலதான் வித்தியாசம் வருதுன்னா மூணு விஷயம்: பிறவியிலேயே வர்ற ஐ.வி. பாயிண்ட், வளர்க்கிறப்போ சேர்ற ஈ.வி. பாயிண்ட், அப்புறம் நேச்சர், அதாவது போக்கிமானோட குணம். ஐ.வி. ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் (ஹெச்.பி., அட்டாக், ஸ்பீடு மாதிரி ஆறு திறன் அளவுக்கும்) 0-லேந்து 31 வரைக்கும். ஈ.வி. ஒரு ஸ்டேட்டுக்கு அதிகபட்சம் 252, ஆனா ஆறு ஸ்டேட்டும் சேர்த்து 510-ஐ தாண்டாது.

உன் பிரச்சனை இந்த 510-லதான் இருக்கு. நீ ஜெயிக்கிற ஒவ்வொரு சண்டைக்கும் எதிரியைப் பொறுத்து ஈ.வி. சேரும், மேஜிகார்ப்பை அடிச்சா ஸ்பீடுல 1, சான்சியை அடிச்சா ஹெச்.பி.ல 2, இப்படி. கதை ஆடுறப்போ நாம கண்ணுல பட்டதையெல்லாம் அடிப்போம், டீம்ல சும்மா கூட வர்றதுக்கும் அது சேர்ந்துக்கிட்டே இருக்கும், கடைசில 510-ம் ஆறு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா சிதறி ரொம்பிடும். ரொம்பினதுக்கு மேல எத்தனை கார்போஸ் கொடுத்தாலும் இறங்காது. ஸ்டேட்ஸ் ஸ்க்ரீன்ல எல் பட்டனை அழுத்திப் பாரு, அறுகோணமா ஒரு படம் வரும், உன்னோடது எல்லாப் பக்கமும் சின்னச் சின்னதா உப்பி இருக்கும்.

கணக்கு போட்டே காட்டுறேன். கார்சாம்ப்போட பேஸ் ஸ்பீடு, அதாவது அந்த இனத்துக்கே உள்ள அடிப்படை ஸ்பீடு, 102. ஐ.வி. 31, ஸ்பீடுல ஒரு 60 ஈ.வி.ன்னு வச்சுக்கிட்டா, அட்டாக்கை மட்டும் ஏத்துற அடமண்ட் நேச்சர்ல, லெவல் 50-ல 130 வரும். எதிராளி 252-ஐயும் ஸ்பீடுல போட்டு ஸ்பீடை ஏத்துற ஜாலி நேச்சர் வச்சிருந்தா அவரோடது 169. ரெண்டுமே கார்சாம்ப்தான், 39 பாயிண்ட் வித்தியாசம், அப்புறம் எப்படி நீ முதல்ல அடிப்ப?

இப்போ சரி பண்ற வழி. முதல்ல தேவையில்லாத ஈ.வி.யை இறக்கணும். பெர்ரி ஊட்டினா ஒண்ணுக்கு 10 குறையும்: டிஃபன்ஸுக்கு குவாலட், ஸ்பெஷல் அட்டாக்குக்கு ஹான்டூ, ஸ்பெஷல் டிஃபன்ஸுக்கு கிரேபா, ஹெச்.பி.க்கு போமெக். டீல் மாஸ்க் டி.எல்.சி. (தனியா வாங்குற கூடுதல் பகுதி) இருந்தா ஃப்ரெஷ் ஸ்டார்ட் மோச்சி ஒண்ணே போதும், ஆறையும் ஒரேயடியா பூஜ்யமாக்கிடும். அப்புறம் அட்டாக்குக்கு ப்ரோட்டீன், ஸ்பீடுக்கு கார்போஸ், ஒண்ணு 10 ஈ.வி., பூஜ்யத்துலேந்துன்னா ஒவ்வொண்ணும் 26 வேணும். கேம் கடையில ஒண்ணு 10,000, கேம் காசு நிறையவே போகும், காசு இல்லேன்னா பவர் ஆங்க்லெட்டை மாட்டிட்டு ஸ்பீடு தர்றதுகளையா பார்த்து அடி, ஒவ்வொண்ணுக்கும் 8 கூடுதலா சேரும். ரெண்டும் 252 ஆனதும் அந்த ஸ்டேட் பக்கத்துல மின்னும். மிச்சத்துல 4-ஐ ஹெச்.பி.ல போடு, ஒரு பாயிண்ட் கிடைக்கும்.

நேச்சர் விஷயத்துல என் கருத்து, அடமண்டை விட்டுட்டு ஜாலிக்கு மாறு. நேச்சரோட பலனை மாத்துற ஜாலி மின்ட் 20,000. அட்டாக் 200-லேந்து 182-க்கு இறங்கும்தான், வலிக்கும், ஆனா அடமண்ட்ல ஸ்பீடை முழுசா ஏத்தினாலும் 154-லயே நிக்கும், சரிசார்ட், வால்கரோனா மாதிரி பேஸ் 100 ஆளுங்க ஃபுல் ஸ்பீடுல 167-ல வந்து உன்னை முந்திடுவாங்க. ஜாலின்னா நீ 169. அந்த ரெண்டு பாயிண்டுக்காகத்தான் இவ்வளவு பேர் ஜாலி வைக்கிறாங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ, மின்ட் ஸ்டேட்டை மட்டும்தான் மாத்தும், முட்டை வைக்கிறப்போ பழைய அடமண்டுதான் போகும்.

எல்லாம் முடிஞ்சதும் உன் ஸ்க்ரீன்ல, லெவல் 100-ல இருக்கிறதால, ஸ்பீடு 333-ன்னு காட்டணும். அதைவிடக் கம்மியா இருந்தா ஐ.வி. குறைவுன்னு அர்த்தம், ஒரு பாட்டில் கேப் எடுத்துக்கிட்டு மான்டனெவெரா ஊருக்குப் போ, அங்க இருக்கிற அபோமாஸ்னோங்கிற போக்கிமான் ஹைப்பர் ட்ரெய்னிங் பண்ணிவிடும், ஐ.வி. 31-க்கு சமமா வேலை செய்யும்.

அதுக்கப்புறமும் எதிர்ல இன்னொரு 169 வந்தா யார் முதல்ல அடிக்கிறதுன்னு கேம் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு பண்ணும். எதிராளி சாய்ஸ் ஸ்கார்ஃப்ங்கிற பொருளை மாட்டியிருந்தா அவர் ஸ்பீடு ஒன்றரை மடங்கு, அதை நீ முந்த முடியாது. அப்புறம் ஐஸ் ஷார்ட்னு ஒரு தாக்குதல் இருக்கு. அது ப்ரியாரிட்டி மூவ், ஸ்பீடைப் பார்க்காம முதல்ல வந்துடும், டிராகன்-கிரவுண்டு டைப்பான கார்சாம்ப்புக்கு ஐஸ் அடி நாலு மடங்கு. எதிர்ல வீவைலோ பாக்ஸ்காலிபரோ நின்னா அந்த டர்ன்லயே டெரா ஸ்டீல் போட்டு டைப்பை ஸ்டீலா மாத்திடு, நாலு மடங்கா விழ வேண்டிய அடி அரை மடங்காயிடும்.