‘கம்பெனியையே வாங்கிக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் லண்டனில் நடத்திவந்த கடையை விற்றுவிட்டோம். விண்டர்மியர் ஏரிக்கரையில் ஏழு அறைகள் கொண்ட ஒரு பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் (காலைச் சாப்பாட்டோடு தங்கும் விடுதி) பார்த்திருக்கிறோம். விலை 6.5 லட்சம் பவுண்டு, பின்பக்கத்தில் நாங்களே குடியிருக்கலாம். கட்டடமும் தொழிலும் ஒரு லிமிடெட் கம்பெனியின் பெயரில் இருக்கின்றன. “கம்பெனியையே வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்டாம்ப் டியூட்டி மிச்சம்” என்கிறார்கள் விற்பவர்கள். ஏழாவது அறை 2024 கடைசியில் பரணில் கட்டியது, கூரையில் புதிதாக ஜன்னல் எடுத்திருக்கிறார்கள், அதற்குக் காகிதம் எதுவும் இல்லை. அதற்கு ஒரு இன்ஷூரன்ஸ் எடுத்துத் தருகிறார்களாம். நம்பலாமா?

பதில்: அந்த மிச்சக் கணக்கு பொய்யில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டடத்தை நேராக வாங்கி, அது குடியிருப்பல்லாத சொத்தாகவோ பாதி தொழில், பாதி வீடு என்ற கலப்புச் சொத்தாகவோ கணக்கிடப்பட்டால், முதல் 1.5 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 1 லட்சத்துக்கு 2 சதவீதம், அதற்கு மேல் 5 சதவீதம். உங்கள் விலைக்கு 22,000 பவுண்டு வரும். ஷேராக வாங்கினால் 0.5 சதவீதம்தான், 3,250 பவுண்டு. ஆக 18,750 பவுண்டு மிச்சம்.

ஆனால் ஷேரை வாங்குகிறவர் அந்தக் கம்பெனியின் ஜாதகத்தையும் சேர்த்தே வாங்குகிறார். 2020இல் கொரோனா சமயத்தில் அரசு உத்தரவாதத்தோடு எடுத்த பவுன்ஸ் பேக் கடன் பாக்கி இருந்தால் அது கம்பெனியின் கடன். வாட் கட்டாமல் விட்டிருந்தாலும், வேலைக்காரர்களுக்கு விடுமுறைச் சம்பளம் கொடுக்காமல் இருந்தாலும், போன வருடம் படிக்கட்டில் வழுக்கி விழுந்த ஒரு விருந்தினர் (அவருக்கு வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு) நாளைக்கு நோட்டீஸ் அனுப்பினாலும், வந்து நிற்பது உங்கள் கம்பெனியின் வாசலில்தான். விற்பவர்கள் உத்தரவாதம் எழுதிக் கொடுப்பார்கள், உண்மைதான். பணத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் ஸ்பெயினுக்குக் குடிபோய்விட்டால் அந்த உத்தரவாதத்தை வைத்துக்கொண்டு யாரைப் போய்ப் பிடிப்பீர்கள்?

உங்கள் மேல் இரக்கப்பட்டு இந்த வழியைச் சொல்கிறார்கள் என்றும் நினைக்காதீர்கள். கம்பெனி கட்டடத்தை விற்றால் லாபத்துக்குக் கம்பெனி ஒரு வரி கட்ட வேண்டும், அந்தப் பணத்தை வெளியே எடுக்கும்போது அவர்கள் இன்னொரு வரி கட்ட வேண்டும். ஷேரை விற்றால் ஒரு தடவையோடு முடிந்தது. உங்கள் மிச்சத்தைவிட அவர்கள் மிச்சம் பெரியதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இன்னொன்று, நீங்கள் குடியிருக்கப்போகும் பகுதி உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால், பிற்காலத்தில் விற்கும்போது அந்தப் பங்குக்கு மூலதன ஆதாய வரியில் சொந்த வீட்டுச் சலுகை கேட்கலாம். கம்பெனி பெயரில் இருந்தால் அது போச்சு, அதோடு கம்பெனி வீட்டில் இலவசமாகக் குடியிருப்பதற்கும் வரி கேட்பார்கள். என்னைக் கேட்டால் கட்டடத்தையும் தொழிலையும் நேராக வாங்குங்கள். ஷேராகத்தான் விற்பேன் என்று அடம்பிடித்தால் விலையை நன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள், விலையில் ஒரு பகுதியை இரண்டு வருடம் சொலிசிட்டர் (வக்கீல்) கணக்கில் நிறுத்திவைக்கவும் கேளுங்கள்.

இப்போது அந்த ஏழாவது அறை. எனக்கு இதுதான் அதிகக் கவலை. விண்டர்மியர் இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்ட் ஒரு தேசியப் பூங்கா, 2017இலிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமும்கூட. அங்கே கட்டடத் திட்ட அனுமதி கொடுப்பது தேசியப் பூங்கா ஆணையம். சாதாரண வீடுகளுக்கு அனுமதி கேட்காமலே சில மாற்றங்களைக் கட்டிக்கொள்ள இருக்கும் சலுகை கெஸ்ட் ஹவுஸுக்குக் கிடையாது, கூரையில் துருத்திக்கொண்டு ஜன்னல் எடுத்திருந்தால் அதற்குக் கட்டாயம் அனுமதி வேண்டியிருந்திருக்கும். 2024 ஏப்ரல் 25க்குப் பிறகு முடிந்த வேலை என்பதால் ஆணையத்துக்கு நடவடிக்கை எடுக்கப் பத்து வருடம் இருக்கிறது, நான்கு வருடம் கடந்தால் நடவடிக்கை இல்லை என்ற பழைய கணக்கு இதற்குச் செல்லாது. கட்டட விதிகளை மீறிய வேலையை இடிக்கவோ திருத்தவோ சொல்லும் நோட்டீஸுக்கும், 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, வேலை முடிந்ததிலிருந்து பத்து வருடம்தான்.

அவர்கள் தருவதாகச் சொல்லும் இன்ஷூரன்ஸ், அதிகாரிகள் நடவடிக்கை எடுத்தால் ஆகும் பண இழப்பை ஈடுகட்டலாம், அவ்வளவுதான். பரண் அறையில் தூங்குகிற மனிதர் தீப்பிடித்தால் இறங்கி வருவதற்கு வழி இருக்கிறதா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. 2005ஆம் வருடத்துத் தீப் பாதுகாப்பு ஆணையின்படி சாவி கைக்கு வந்த நாளிலிருந்து பொறுப்பாளி நீங்கள். 2023 அக்டோபர் 1 முதல் எவ்வளவு சிறிய விடுதியானாலும் தீ அபாய மதிப்பீடு முழுதும் எழுத்தில் இருக்க வேண்டும். அவர்களிடம் அதைக் கேளுங்கள். ஏழாவது அறை அதில் இல்லையென்றால் ஆறு அறை விடுதிக்கான விலையைப் பேசுங்கள், அந்த அறையின் வருமானத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மொத்தக் கட்டடமும் விடுதியாக நடத்த முறையான அனுமதி பெற்றதுதானா என்பதையும் உங்கள் சொலிசிட்டர் பார்க்க வேண்டும். வயதானபின் திரும்ப வீடாக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால், அதற்கும் அனுமதி வேண்டும், உள்ளூர்க்காரர்தான் குடியிருக்கலாம் என்ற நிபந்தனை வரவும் கூடும்.

கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டீர்களா? பொதுச் சாக்கடை இணைப்பு இருந்தால் நல்லது. செப்டிக் டேங்க் என்றால், அதிலிருந்து ஓடையிலோ ஏரியிலோ நேராக விடக் கூடாது. மண்ணுக்குள் விடுவதற்கும் நாளுக்கு 2,000 லிட்டர் வரைதான் பெர்மிட் இல்லாமல் விடலாம், ஏழு அறை நிறைந்த கோடைக்காலத்தில் அந்த எல்லை நெருங்கிவிடும். அப்புறம் வெள்ளம். 2015 டிசம்பர் டெஸ்மண்ட் புயலில் அந்த மாவட்டம் பட்ட பாடு உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். வெள்ளக் காப்பீட்டுக்கு உதவும் ஃப்ளட் ரீ திட்டம் வீடுகளுக்குத்தான், பிசினஸ் ரேட்ஸ் எனும் வணிகக் கட்டட வரி கட்டும் விடுதிக்குக் கிடையாது. விலையை ஒத்துக்கொள்வதற்கு முன்பே ஒரு காப்பீட்டு விலைப்புள்ளி கையில் இருக்கட்டும்.

நேராக வாங்கினாலும் வேலைக்காரர்கள் பழைய சர்வீஸோடு உங்களிடம் வருவார்கள். பன்னிரண்டு வருடமாக அறை சுத்தம் செய்கிற அம்மாவை, கைமாறியதைக் காரணமாக வைத்து அனுப்பினால் அது நியாயமற்ற பணிநீக்கம். அடுத்த கோடைக்கு ஏற்கெனவே வாங்கிய முன்பணம் யாருக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள், வந்து தங்குகிறவருக்குக் காலைச் சாப்பாடு போடப்போவது நீங்கள்தானே. இணையதளப் பெயர், தொலைபேசி எண், முன்பதிவுக் கணக்குகள் எல்லாம் பெயர் சொல்லி ஒப்பந்தத்தில் வரட்டும், பக்கத்துத் தெருவில் இன்னொரு விடுதி திறக்க மாட்டோம் என்ற வாக்குறுதியும்.

ஏஜென்ட் இடத்தைப் பிடித்துவைக்கப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்ளும் நாள் வரை இரண்டு பக்கமும் யாரையும் சட்டம் கட்டாது. அதற்குள் மூன்று வருடக் கணக்கு, வாட் தாக்கல், தீ அபாய மதிப்பீடு, கழிவுநீர்க் காகிதம் ஆகிய நான்கையும் இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்பதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.