முதியோருக்கு ட்ரெட்மில் பயிற்சி: கேள்வி பதில்

26 ஆண்டுகளாகப் பிசியோதெரபி செய்கிறேன். மூட்டுக்குச் சுமை குறைத்து முதியவர்களை ட்ரெட்மில்லில் நடக்கவைப்பது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில்.

மதுரை: அம்மாவுக்கு 71 வயது, 82 கிலோ, மூட்டு தேய்மானம். பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறார். காற்றழுத்த ட்ரெட்மில் என்கிறார்களே, அது என்ன?

பதில்: சமதரையில் நடக்கும்போதே ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் சுமை உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு. வலிக்குப் பயந்து நடப்பதைக் குறைத்தால் தொடைத் தசை மெலியும். தசை மெலிந்தால் மூட்டுக்குத் தாங்கல் போய் வலி கூடும். அம்மா இந்தச் சுழலில்தான் இருக்கிறார்.

இந்த மெஷினில் இடுப்புக்குக் கீழே உடம்பைக் காற்றுப் புகாத உறைக்குள் வைத்து, உள்ளே காற்றை ஏற்றுவார்கள். அழுத்தம் உடம்பை மேலே தூக்கும். 80 சதவீதம் வரை எடையைக் குறைக்கலாம். இதன் மூல யோசனை நாசாவின் ஏம்ஸ் மையத்தில் ராபர்ட் வேலன் என்பவருடையது. எடையற்ற விண்வெளியில் வீரர்களைக் காற்றழுத்தத்தால் கீழே பிடித்து வைத்து ஓடவைக்க நினைத்தார். அதையே பூமியில் தலைகீழாகப் பயன்படுத்துகிறோம்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை அம்மாவின் முழங்கால்தான் சொல்லும். வலி அடங்கும் அளவில் தொடங்கி, வாரங்கள் போகப்போக எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எப்போது வெறுந்தரையில் நடக்கவைப்பீர்கள் என்று சேரும்போதே கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாத இடத்தில் சேர்க்க வேண்டாம்.

கோவை: தண்ணீருக்குள் ட்ரெட்மில்?

பதில்: நல்லது. இடுப்பளவு நீரில் ஏறத்தாழ பாதி எடைதான் கால்மேல் விழும். ஆறாத புண் இருந்தால் கூடாது.

தஞ்சாவூர்: வீட்டுக்கு எது வாங்கலாம்?

பதில்: இருபக்கமும் நீளமான கைப்பிடி, மணிக்கு 1 கிலோமீட்டருக்கு மேல் போகாத தொடக்க வேகம், தடுமாறினால் பெல்ட்டை உடனே நிறுத்த, கயிற்றால் சட்டையில் மாட்டும் பாதுகாப்புச் சாவி. இந்த மூன்றும் இல்லாததை வாங்காதீர்கள். அந்தச் சாவிக் கயிற்றை ஒருநாளும் மாட்டாமல் ஏறக் கூடாது.

சேலம்: எதற்கு இந்தச் செலவு? மொட்டை மாடியில் எட்டு போட்டு நடந்தால் போதும். என் மாமனார் 78 வயதில் அப்படித்தான் நடக்கிறார்.

பதில்: நடக்க முடிகிறவருக்கு எட்டு நல்லது. அதில் திரும்பும் பயிற்சி இருக்கிறது, ட்ரெட்மில்லில் அது இல்லவே இல்லை. ஆனால் மதுரை அம்மா பத்தடியில் உட்கார்கிறார். கால் வலுவில்லாதவர் தடுமாறுவதே திரும்பும்போதுதான்.

சேலம்: அப்படியானால் மெஷின்தான் உயர்ந்ததா? ஆதாரம் இருக்கிறதா?

பதில்: அப்படி நான் சொல்லவில்லை. உங்கள் பக்கம் நிற்கும் ஆதாரத்தையே தருகிறேன். அமெரிக்காவில் பக்கவாதம் வந்த 408 பேரிடம் நடந்த லீப்ஸ் ஆய்வு 2011-இல் வெளியானது. சிலரை உடம்பில் பட்டை கட்டி, எடையின் ஒரு பகுதியை மேலிருந்து தாங்கி, ட்ரெட்மில்லில் நடக்கவைத்தார்கள். மற்றவர்களுக்குப் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே போய்த் தசை வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி கொடுத்தார். ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறியிருந்தன. ஆனால் அந்த வீட்டுப் பயிற்சி தனியாக மாடியில் நடப்பதல்ல. ஒருவர் கூடவே நின்று, படிப்படியாகக் கடினமாக்கிய பயிற்சி. துணையில்லாமல் மாடிக்கு அனுப்புவதைத்தான் எதிர்க்கிறேன்.

திருநெல்வேலி: அப்பாவுக்குக் கைப்பிடி இல்லாத வாக்கிங் பேட் (தட்டையான சின்ன ட்ரெட்மில்) வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தஞ்சாவூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வேலூர்: நாடித்துடிப்பு எவ்வளவு வரலாம்? அப்பா மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார்.

பதில்: அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாது, அதனால் எண்ணை நம்பாதீர்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பாருங்கள். வாக்கியம் பாதியில் நின்றால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்துங்கள்.

ஈரோடு: பாட்டிக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது. நடக்கவைக்கலாமா?

பதில்: கூடாது. இரத்தக்கட்டியாக இருக்கலாம். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

நாகர்கோவில்: கைப்பிடி இல்லாத சின்ன மாடல் சலுகை விலையில்...

பதில்: வேண்டாம். மூன்றாம் முறை சொல்கிறேன். 80 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் அந்தச் சலுகை எதற்கும் ஈடாகாது.

மதுரை: அம்மா பெல்ட்டைப் பார்த்தே பயப்படுகிறார், கைப்பிடியை விடமாட்டேன் என்கிறார்.

பதில்: பிடித்துக்கொள்ளட்டும். முதல் நாள் ஓரப் பலகைகளில் நிற்கவைத்து, பெல்ட் ஓடுவதைப் பார்க்கவிடுங்கள். ஒரு காலால் மட்டும் மூன்று நான்கு முறை தொட்டுப் பார்க்கட்டும். அன்றைக்கு அவ்வளவு போதும். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.