ஸ்விட்ச் போர்ட் நகல்: கேள்வி பதில்

கேள்வி: பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருள் உள்ள மடிக்கணினியை ஸ்விட்ச்சில் செருகினேன். பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போகும் செய்தி) தவிர எதுவும் தெரியவில்லையே, ஐயா?

பதில்: தெரியாதுதான். பழைய ஹப் ஊருக்கே தண்டோரா போடும். ஸ்விட்ச் மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் அடையாள எண்ணை)ப் பார்த்து உரிய வீட்டுக் கதவை மட்டும் தட்டும். மற்றவர் பேச்சு வேண்டுமென்றால் நகல் கேட்டு வாங்க வேண்டும். சிஸ்கோ நிறுவன ஸ்விட்ச்சுகளில் அதற்குப் பெயர் ஸ்பான். மானிட்டர் செஷன் கட்டளையில் மூலப் போர்ட்டுக்கு ஒரு வரி, நகல் சேரும் போர்ட்டுக்கு ஒரு வரி.

கேள்வி: செய்தேன். அந்த மடிக்கணினிக்கு இணையமே போய்விட்டது!

பதில்: நகல் போர்ட் வழக்கமான போக்குவரத்தைக் கைவிட்டுவிடும். இணையத்துக்கு இன்னொரு இணைப்பு கொடுங்கள்.

கேள்வி: மூலமும் நகலும் 1 ஜிகாபிட் போர்ட்டுகள். பிடித்த கோப்பில் பாக்கெட்டுகள் விடுபடுகின்றன. கேபிள் பழுதா?

பதில்: கேபிளைக் கழற்றாதீர்கள், நான் ஒரு முழு இரவு அப்படிக் கழற்றி ஏமாந்திருக்கிறேன். மூலப் போர்ட்டில் போவது 1 ஜிகாபிட், வருவது 1 ஜிகாபிட், உச்சத்தில் 2. நகல் போர்ட் வெளியே தள்ளக்கூடியது 1 மட்டுமே. மிச்சத்தை ஸ்விட்ச் சத்தமின்றிக் கொட்டிவிடும். சராசரி 30 சதவீதம் என்று வரைபடம் காட்டினாலும், ஒரு நொடியின் சிறு பகுதியில் எழும் அலை போதும். நகல் போர்ட்டின் அவுட்புட் டிராப் (வெளியே அனுப்ப முடியாமல் கொட்டியவை) எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு திசையை மட்டும் நகலெடுங்கள், அல்லது 10 ஜிகாபிட் போர்ட் கொடுங்கள். இன்னொன்று: சிஆர்சி பிழையுள்ள, அதாவது வழியில் சிதைந்த, பிரேம்களை ஸ்விட்ச் வாசலிலேயே எறிந்துவிடும், நகலில் வராது. உண்மையிலேயே கேபிள் மீது சந்தேகமென்றால் இன்டர்பேஸ் எண்ணிக்கையைப் பாருங்கள்; அந்தப் பிரேமே வேண்டுமென்றால் கேபிளின் நடுவே செருகி நகலெடுக்கும் டாப் கருவி.

கேள்வி: விலான் (ஸ்விட்ச்சில் பிரித்தமைத்த தனி வலையமைப்பு) முழுவதையும் நகலெடுத்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் இரண்டு முறை வருகிறது.

பதில்: நுழையும்போது ஒன்று, வெளியேறும்போது ஒன்று. உள்வரும் திசை மட்டும் போதும்.

கேள்வி: ஸ்விட்ச் மூன்றாம் மாடியில், நான் தரைத்தளத்தில்.

பதில்: ஆர்ஸ்பான். இதற்கென ஒரு விலானை ஒதுக்கி, வழியிலுள்ள எல்லா ஸ்விட்ச்சிலும் ரிமோட் ஸ்பான் என்று அறிவியுங்கள். அந்த விலானில் மேக் கற்றல் (எந்த முகவரி எந்தப் போர்ட்டில் என்று ஸ்விட்ச் குறித்துக்கொள்வது) நடக்காது. அதை அனுமதித்த டிரங்க் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு) எல்லாவற்றிலும் நகல் பாயும். வேண்டாத டிரங்குகளிலிருந்து அதை நீக்காவிட்டால் மாடி முழுக்க வெள்ளம்தான்.

கேள்வி: வேறு ஊர்க் கிளை என்றால்?

பதில்: ஆர்ஸ்பான் ரவுட்டரைத் தாண்டாது. ஈஆர்ஸ்பான் நகலை ஜிஆர்இ என்ற உறையிலிட்டு ஐபி வழியே அனுப்பும். உறை சுமார் 50 பைட் கூடுவதால் வழியெங்கும் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பார்க்க வேண்டும். 2960 போன்ற சிறிய சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்சுகளில் இந்த வசதி கிடையாது. என்னைக் கேட்டால், கிளையிலேயே ஒரு சிறு கணினி வைத்து டிசிபிடம்ப் என்ற பாக்கெட் பிடிக்கும் நிரலை வடிகட்டியோடு ஓட்டி, கோப்பை மட்டும் இரவில் வரவழைப்பேன்.

கேள்வி: வேலை முடிந்ததும் கேபிளைப் பிடுங்கினால் போதுமா?

பதில்: போதாது. செஷனையும் நீக்குங்கள். இல்லையேல் ஆறு மாதம் கழித்து அதே போர்ட்டில் யாரோ பிரிண்டரைச் செருகி, வேலை செய்யவில்லை என்று உங்களைத்தான் அழைப்பார்கள்.