புது வீட்டுக்கு 50,000 ரூபாய்க்குள் கட்டில், மெத்தை, பீரோ வாங்க முடியுமா?

முடியும். எனக்கு 33,200 ரூபாயில் முடிந்தது. ஆனால் அதற்கு முன்பு 63,000 ரூபாயைத் தண்ணீரில் விட்டவள் நான். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே தண்ணீர்தான்.

"புது வீட்டுக்குக் குடிபோகிறோம், படுக்கையறைக்கு மொத்தமாக ஒரு செட் தவணையில் எடுத்துவிடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று கட்டி, கிருகப்பிரவேசச் சாப்பாட்டுக்கும் கொடுத்துவிட்டு, இப்போது வெறும் அறையில் பாய் விரித்துப் படுத்திருப்பீர்கள். அப்படியே இன்னும் இரண்டு மாதம் படுங்கள். பாயில் படுத்து யாரும் கெட்டுப்போனதில்லை. அவசரப்பட்டுத் தவணையில் கையெழுத்துப் போட்டுக் கெட்டவர்களை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

2022 ஜூனில் சென்னையை அடுத்த முடிச்சூரில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். ஒரு பெரிய ஷோரூமில் கட்டில், இரண்டு கதவு அலமாரி, பக்கத்து மேசை, ஆளுயரக் கண்ணாடி எல்லாம் ஒரே நிறத்தில் அடுக்கி, மஞ்சள் விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். விற்பனையாளர் பலகையைத் தட்டிக் காட்டி "இன்ஜினியர்டு வுட், மேடம்" என்றார். எனக்கு 'வுட்' மட்டும்தான் காதில் விழுந்தது. மரச்சிராய்களைப் பசை போட்டு அழுத்தி, மேலே மரக்கோடு அச்சிட்ட தாளை ஒட்டிய பார்ட்டிக்கிள் போர்டு அது என்பது பிறகுதான் தெரிந்தது. மாதம் 3,500 ரூபாய் வீதம் 18 தவணை. வட்டி கிடையாது என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். முழங்கால் அளவு தண்ணீர் வீட்டுக்குள் வந்து ஒன்றரை நாள் நின்றது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் கட்டிலின் கால்கள் டீயில் முக்கிய ரஸ்க் போல ஊதியிருந்தன. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், உள்ளே போனது. மேலே ஒட்டிய தாள் வாழைப்பட்டை போல உரிந்து வந்தது. அதே சுவரோரம், 2009இல் என் அப்பா சீராகக் கொடுத்த இரும்பு பீரோ நின்றது. அடித்தட்டுப் புடவைகள் நாசம்தான், ஆனால் பீரோவைச் சேறு போகக் கழுவித் துடைத்து வெயிலில் திறந்து வைத்ததும் மறுபடி பீரோவாகிவிட்டது. அடியில் கொஞ்சம் துரு, அவ்வளவுதான்.

செட்டின் கடைசித் தவணை டிசம்பர் 5ஆம் தேதி, வீட்டுக்குள் தண்ணீர் நின்றுகொண்டிருந்தபோதே, வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கப்பட்டது. செல்போன் சிக்னல் வந்த பிறகு வந்த முதல் குறுஞ்செய்தி அதுதான். கடையில் கேட்டதற்கு, தண்ணீர் பட்டால் உத்தரவாதம் செல்லாது என்று அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினார்கள்.

இதைப் படித்துவிட்டு "வெள்ளம் வந்தால் எதுதான் தாங்கும், பலகையைக் குறை சொல்வானேன்" என்று யாராவது வருவார்கள் என்று தெரியும். வெள்ளத்துக்கு முன்பே ஒருமுறை அறை மாற்றுவதற்காக அந்தக் கட்டிலைக் கழற்றி மாட்டினோம். அந்த ஒரு தடவையிலேயே திருகுகள் பிடிப்பை இழந்து, புரண்டு படுத்தால் கட்டில் கூடவே பேசியது. ஈரம் வராத மாடி வீடு, அடிக்கடி கழற்றி மாட்டவும் மாட்டோம் என்றால் தாராளமாக வாங்குங்கள். நான் தடுக்கவில்லை.

2024இல் மேற்குத் தாம்பரத்தில் இரண்டாவது மாடியில் சொந்த வீடு அமைந்தது. வீட்டுக்கடனுக்கு மேல் இன்னொரு கடன் வேண்டாம் என்று பழைய கட்டில் வாங்க முடிவு செய்தேன். வீட்டில் ஓர் இழவு வீட்டு அமைதி. "யார் படுத்து, யார் போய்ச் சேர்ந்த கட்டிலோ! தலையெழுத்தா நமக்கு?" என்றார் மாமியார். "அத்தை, நாம் குடியிருந்த வாடகை வீடுகளில் மட்டும் யாரும் போய்ச் சேரவில்லையா?" என்று கேட்டேன். பதில் இல்லை, இரண்டு நாள் பேச்சும் இல்லை. என் சொந்த அக்காகூட, வசதி இல்லையென்றால் வாய் திறந்து கேட்டிருக்கலாமே என்றாள். பழைய கார் வாங்கினால் சாமர்த்தியசாலி, பழைய கட்டில் வாங்கினால் பஞ்சப் பரதேசி. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை தெரியும்தானே? பழைய ட்ரங்க் சாலையில் செடி, புறா, மிக்ஸி, கதவு, கமோடு என்று எல்லாம் கிடக்கும். மூன்று வெள்ளி சும்மா சுற்றினேன். நான்காவது வெள்ளி ஒரு தேக்குக் கட்டில் கண்ணில் பட்டது. 12,000 சொன்னார், 8,500க்கு முடிந்தது. தேக்கு என்று அவர் சொன்னதால் நம்பவில்லை. அடிச்சட்டத்தில் வெளியே தெரியாத இடத்தில் கத்தி முனையால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். எண்ணெய்ப் பசையும் பதனிட்ட தோல் போன்ற ஒரு வாடையும் வந்தன. வைரம் பாய்ந்த பகுதி கருத்துக் கெட்டியாக இருக்கும். ஓரத்து வெள்ளைதான் முதலில் உளுக்கும். அங்கே குண்டூசித் துளைகள் இருக்கின்றனவா, கட்டிலை லேசாகத் தட்டினால் மாவு கொட்டுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். துளை இருந்து மாவு இல்லையென்றால் பழைய கதை. மாவு புதிதாகக் கொட்டினால் விலை பேசவே பேசாதீர்கள்.

மூட்டைப்பூச்சி பயம் நியாயமானது. மாடிக்கு ஏற்றியதும் மூட்டு மூட்டாகக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, நான்கு நாள் நல்ல வெயிலில் கவிழ்த்துப் போட்டேன். பிறகு தச்சர் இரண்டு நாள் உட்கார்ந்து விரிசல் விட்ட இரண்டு பலகைகளை மாற்றி, உப்புத்தாள் போட்டு வார்னிஷ் அடித்தார். கூலி 2,400, பலகை உள்ளிட்ட சாமான்கள் 3,100, குட்டியானை வண்டி வாடகை 1,200.

கவிழ்த்துப் போட்டிருந்தபோது ஒரு பலகையின் அடிப்பக்கத்தில் நீலப் பேனாவால் பதின்மூன்றாம் வாய்ப்பாடு எழுதியிருந்தது தெரிந்தது. ஏதோ ஒரு பிள்ளை கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு எழுதியிருக்கிறது. மாமியார் ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தவர், "ஏழு பதின்மூன்று 81ஆம்! யாரிடம் படித்ததோ" என்றார். மறுநாள் தச்சர் அந்தப் பலகையை இழைக்க எடுத்தபோது, அதை மட்டும் விட்டுவிடச் சொன்னவரும் அவரே. மஞ்சள் தண்ணீர் தெளித்து, சூடம் காட்டித்தான் உள்ளே விட்டார், அதில் மாற்றமில்லை.

உள்ளே விட்டது எப்படி என்பது தனிக்கதை. லிஃப்டில் கட்டில் சட்டங்களை ஏற்றக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் சொல்லிவிட்டது. கீறல் விழுமாம். அதற்கு முந்தின மாதம்தான் செயலாளர் வீட்டு டிரெட்மில் அதே லிஃப்டில் போனது. பராமரிப்புக் கட்டணம் மட்டும் வீட்டின் பரப்புக்கு இல்லாமல், நடைபாதை, படிக்கட்டு, லிஃப்ட் எல்லாவற்றிலும் என் பங்கைச் சேர்த்துக் கணக்கிட்டுச் சதுர அடிக்கு வாங்குகிறார்கள். என் பங்கு லிஃப்டில் என் கட்டிலை ஏற்ற எனக்கு உரிமை இல்லை. பொதுக்குழுவில் கேட்டேன், நிகழ்ச்சிக் குறிப்பில் ஏறவே இல்லை. சரி, இது நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லாதது. ஆனால் சாமான் வாங்குமுன் உங்கள் லிஃப்டையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

அறையையும்தான். எங்கள் படுக்கையறை பத்துக்குப் பதினொன்று. ஆறடி அகலக் கட்டில்தான் வேண்டும் என்று என் கணவர் ஒற்றைக்காலில் நின்றார். பழைய செய்தித்தாள்களைத் தரையில் ஆறடிக்கு ஒட்டி, பீரோ கதவு திறக்கும் இடத்துக்கும் தாளை விரித்தேன். இரவு தண்ணீர் குடிக்க எழுந்தவர் இரண்டு தாள்களைக் கிழித்துக்கொண்டு போனார். மறுநாள் ஐந்தடி போதும் என்றார்.

மெத்தையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பழைய மெத்தை ஓசியில் கிடைத்தாலும் வேண்டாம். மிச்சம் பிடித்த பணத்தையெல்லாம் அங்கே போடுங்கள். நான் ரப்பரிட்ட தென்னைநார் மெத்தை 14,500க்கு எடுத்தேன். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: கடையில் காட்சிக்கு இருப்பவை பெரும்பாலும் 78 அங்குல நீளம், என் பழைய கட்டிலின் உள்ளளவு 75. அளக்காமல் வாங்கியிருந்தால் மூன்று அங்குலம் தலைமாட்டில் மடங்கிக்கொண்டு நிற்கும். 75 அங்குலமும் கேட்டால் கிடைக்கிறது. தலையணைக்குப் போடியிலிருந்து இலவம்பஞ்சு, இரண்டும் சேர்த்து 700. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. ஃபோம் பிரியர்கள் மன்னிக்க.

பழைய பீரோவையே துரு சுரண்டி வண்ணம் அடித்துக்கொண்டேன், 2,800. உங்களிடம் இல்லையென்றால் பக்கத்தில் பீரோ பட்டறை இருக்கிறதா என்று பாருங்கள். தகடு எத்தனை கேஜ் என்று கேளுங்கள். எண் குறைந்தால் தகடு தடிமன் கூடும். 22 கேஜைக் காட்டி 20 என்பார்கள். கதவின் நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், டப்பா போல உள்வாங்கி வெளியே வந்தால் அடுத்த பட்டறைக்குப் போய்விடுங்கள்.

பழையது பிடிக்காது, புதுசுதான் வேண்டும் என்றால் ரப்பர் மரக் கட்டிலைக் கேட்டுப் பாருங்கள். பால் வற்றிய ரப்பர் மரங்களை வெட்டிச் செய்வது, தேக்கைவிட மிகவும் மலிவு. மருந்து ஏற்றிப் பதப்படுத்திய பலகை என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஏற்றாத பலகையை வண்டு விடாது.

சந்தைக்குப் போவதானால் வெயில் ஏறுமுன் போங்கள். அளவு நாடா, டார்ச், சிறு கத்தி மூன்றும் கையில் இருக்கட்டும். மாமியாரை அழைத்துப் போகாதீர்கள். நான் இரண்டாம் முறை ஒரு புத்தக அலமாரி வாங்கப் போனபோது அழைத்துப் போனேன், 2,000க்கு நான் பேசி முடித்ததை அவர் 1,400க்கு இறக்கிவிட்டு, வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.