வாசகர் கேள்வி – பதில்: மின்சக்கர நாற்காலியும் ஆண்டுச் செலவும்

கேள்வி: எங்கள் அப்பச்சிக்கு (தந்தைக்கு) முதுகுத்தண்டில் அடிபட்ட நாளிலிருந்து மின்சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் மூன்றாண்டுகளுக்கு முன் அங்கேயே வாங்கி அனுப்பியது. நம் மதிப்பில் ஒன்றேகால் லட்சம் ரூபாய் ஆயிற்று. இப்போது வளவில் (வீட்டின் உள்முற்றப் பகுதியில்) நன்றாக ஓடுகிற நாற்காலி, நிலைப்படிக்குப் போட்டிருக்கும் சாய்வுப் பலகையில் ஏறும்போது நின்றுவிடுகிறது. ஜாய்ஸ்டிக்கில் (நாற்காலியை ஓட்டும் கைப்பிடியில்) விளக்குகள் விட்டுவிட்டு எரிகின்றன. அணைத்துவிட்டுச் சிறிது நேரம் பொறுத்தால் மறுபடியும் ஓடுகிறது. பார்க்க வந்தவர், கண்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) போய்விட்டது, மாற்ற 38,000 ரூபாய் ஆகும் என்கிறார். வீட்டுக்கு வெளியே உள்ள தகரக் கொட்டகையில் நிறுத்தித்தான் சார்ஜ் போடுகிறோம். கண்ட்ரோலரை மாற்றிவிடலாமா? இனி ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும்?
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: 38,000 ரூபாயை எடுத்துக் கொடுப்பதற்கு முன், பேட்டரி எப்போது மாற்றப்பட்டது என்று பாருங்கள். தங்கள் கடிதத்தில் பேட்டரி மாற்றியதாக ஒரு சொல்லும் இல்லை. மூன்றாண்டுகளாக அதே பேட்டரி என்றால், தாங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் அனைத்தும் கண்ட்ரோலரைவிடப் பேட்டரியின் மேல்தான் சந்தேகத்தைக் கொண்டுபோகின்றன. சமதளத்தில் ஓடும்போது மோட்டார் இழுக்கும் மின்சாரம் குறைவு. பலகையில் ஏறும்போது அது பல மடங்காகிறது. அந்த நேரத்தில் தளர்ந்த பேட்டரியின் மின்னழுத்தம் சரிந்துவிட, கண்ட்ரோலர் தன்னைக் காத்துக்கொள்ள மோட்டாரை நிறுத்திவிட்டு விளக்கை எரியவிடுகிறது. சிறிது ஓய்வுக்குப் பின் பேட்டரி ஓரளவு மீள்வதால் நாற்காலியும் ஓடுகிறது. அந்த விளக்குகள் எத்தனை முறை மின்னுகின்றன என்பதற்கு நாற்காலியோடு வந்த கையேட்டில் பொருள் எழுதியிருக்கும். கையேடு இல்லையென்றால் அண்ணனிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இவ்வகை நாற்காலிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டை வரிசையாக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். இரண்டில் ஒன்று தளர்ந்தாலும் மற்றதையும் சேர்த்து இழுத்துவிடும். எனவே சோதனையைத் தனித்தனியாகச் செய்யச் சொல்லுங்கள். இரவு முழுதும் சார்ஜ் ஏற்றி, சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் விட்டபின் மல்டிமீட்டரில் (மின்னழுத்தம் அளக்கும் கருவியில்) பார்த்தால், நல்ல ஈய அமில பேட்டரி ஒவ்வொன்றும் 12.7 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். இத்தோடு நிறுத்திவிட்டால் பயனில்லை, ஏனென்றால் தளர்ந்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது நல்ல கணக்கைக் காட்டும். அப்பச்சியை உட்காரவைத்து, நாற்காலி பலகையில் ஏறுகிற அந்த நேரத்திலேயே மீட்டரைப் பார்க்க வேண்டும். ஒன்று 12-க்குப் பக்கத்தில் நிற்க, மற்றது 10-க்கும் கீழே விழுந்தால் வழக்கு முடிந்தது. பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா, இணைப்பு தளர்ந்து கருகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். துடைத்து இறுக்கினாலே சரியாகிவிட்ட நாற்காலிகள் உண்டு. ஸ்பேனர் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும் என்பதால் இதைப் பழகியவர் கையில் விடுவதே நல்லது. இத்தனையும் சரியாக இருந்தும் நாற்காலி நின்றால், அப்போது கண்ட்ரோலரைப் பற்றிப் பேசலாம்.

பேட்டரியை மாற்றுவதென்றால் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே வகையில், ஒரே காலத்துத் தயாரிப்பாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் பழையதன் வழிக்கே போய்விடும். விலை குறைவு என்று கார் பேட்டரியைப் பொருத்தச் சொல்வார்கள், கூடாது. அது என்ஜினைக் கிளப்பச் சில விநாடிகள் மின்சாரம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. நாள்தோறும் ஆழமாக வடிந்து ஏறுகிற வேலைக்கு அது தாங்காது. ஆழ்ந்து வடியத்தக்க, மூடப்பட்ட ஏ.ஜி.எம். (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சவைத்தது) அல்லது ஜெல் (அமிலத்தைக் கூழாக்கியது) வகையையே கேட்டு வாங்குங்கள். பெட்டியின் மேல் உள்ள தயாரிப்பு மாதத்தையும் படித்துப் பாருங்கள்: கடையில் சார்ஜ் ஏற்றாமல் மாதக்கணக்கில் கிடந்த பேட்டரி பாதி ஆயுளோடுதான் வீட்டுக்கு வரும்.

அடுத்து அந்தத் தகரக் கொட்டகை. என் கணிப்பில் தங்கள் பேட்டரியைத் தின்றது அதுதான். ஈய அமில பேட்டரியின் ஆயுளை 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் கணக்கிடுகிறார்கள்; அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இத்துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. சித்திரை வெயிலில் தகரத்தின் அடியில் என்ன வெப்பம் இருக்கும் என்பதைச் செட்டிநாட்டில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உயர்ந்த கூரையும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் முற்றத்துக் காற்றும் உள்ள வீட்டை வைத்துக்கொண்டு, நாற்காலியை வெளியே வேகவைப்பானேன்? காற்றோட்டமான இடமாகப் பார்த்து உள்ளேயே ஒரு பிளக் பாயின்ட் வைக்கச் சொல்லுங்கள். சிங்கப்பூரிலும் 230 வோல்ட் என்பதால் சார்ஜருக்கு மின்னழுத்த மாற்றி வேண்டாம். ஆனால் அந்தச் சதுர முள் பிளக்கை அடாப்டரில் தொங்கவிடாமல், எலக்ட்ரீஷியனைக் கொண்டு நம் ஊர்ப் பிளக்காக மாற்றிவிடுங்கள்.

சார்ஜ் முழுதும் தீர்ந்த பிறகே ஏற்ற வேண்டும் என்று பலர் சொல்வது ஈய அமில பேட்டரிக்குப் பொருந்தாது. ஓடிய நாளெல்லாம் இரவில் ஏற்றிவிட வேண்டும். வடிந்த நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, பிறகு ஏற்றினாலும் ஏறாது. திருவிழாவுக்கு வெளியூர் போய்ப் பத்து நாள் தங்குவதானாலும் முழுதாக ஏற்றிவிட்டே புறப்படுங்கள். மின்கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். 40 ஆம்பியர்-மணிப் பேட்டரி என்று கொண்டால், 24-ஐ 40-ஆல் பெருக்க 960 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தாலும், அடியோடு வடிந்ததை ஏற்ற ஒன்றேகால் யூனிட் ஆகும். அன்றாடம் அதில் பாதிகூட ஆவதில்லை.

பேட்டரிக்கு அடுத்த செலவு சக்கரம். தங்கள் பகுதியின் சீமைக்கருவேல முள்ளுக்குக் காற்று டயர் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. திட ரப்பர் டயர் பஞ்சர் ஆகாது. ஆனால் ஒவ்வொரு குலுங்கலும் நேரே முதுகுக்குப் போகும், தங்கள் தந்தையாருக்கு அது ஆகாது. காற்று டயரையே வைத்துக்கொண்டு, அந்த அளவுக்கு உரிய டியூப் இரண்டை அண்ணன் வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். பஞ்சர் ஒட்டுவதைச் சைக்கிள் கடையிலேயே செய்துவிடுவார்கள். அளவுக்கு ஏற்ற டியூப்தான் அங்கே கிடைக்காது. முன்சக்கர அச்சில் தலைமுடியும் சேலை நூலும் சுற்றிக்கொண்டு பேரிங்கை இறுக்கும். மாதம் ஒருமுறை கத்தரியால் வெட்டி எடுங்கள், செலவு ஏதும் இல்லை. மோட்டார் கார்பன் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) உள்ள வகையானால், தேய்ந்த பிரஷைக் காலத்தோடு மாற்றுவதும் சிறு செலவே. விட்டுவிட்டால் உள்ளே தாமிரப் பகுதி கீறிப்போய் மோட்டாரையே மாற்ற நேரும்.

எவ்வளவு ஒதுக்குவது என்ற கேள்விக்கு, நாற்காலியின் விலையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுக்கு என்று நான் சொல்வேன். தங்களுக்கு அது மாதம் ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். பேட்டரி வாங்கும் அன்றே அதன் விலையை எதிர்பார்க்கும் ஆயுளால் வகுத்து, அந்தத் தொகையை மாதந்தோறும் அஞ்சலக சேமிப்பில் போட்டு வாருங்கள். மிச்சம் டயருக்கும் பிரஷுக்கும். எதுவும் கெடாத ஆண்டில் அதைத் தொடாமல் விட்டால், கண்ட்ரோலர் உண்மையிலேயே போகும் நாளில் கைகொடுக்கும். வெளிநாட்டு நாற்காலிக்கு இந்தக் கையிருப்பு சற்றுக் கூடுதலாகவே வேண்டும், ஏனெனில் ஒரு ஸ்விட்சுக்கும் கப்பலையோ உறவினரையோ எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்த நாற்காலியை மதுரையிலோ திருச்சியிலோ உதிரிபாகமும் ஆளும் கிடைக்கிற தயாரிப்பாகப் பார்த்து வாங்கலாம்.

கேள்வி: என் தம்பிக்குத் தசைச் சிதைவு நோய். அரசு கொடுத்த மின்சக்கர நாற்காலி பழுதாகிக் கிடக்கிறது. யாரிடம் போவது? செலவுக்கு வரிச்சலுகை உண்டா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: முதலில் நாற்காலியோடு தந்த உத்தரவாத அட்டையைத் தேடி எடுங்கள். காலம் மிச்சமிருந்தால், நாற்காலியின் வரிசை எண்ணையும் வழங்கிய தேதியையும் குறித்து, சிவகங்கையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். பதில் வராவிட்டால், திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே மனுவின் நகலைக் கொடுத்து ரசீது பெறுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திரும்புவதில் பயனில்லை.

வரியைப் பொறுத்தவரை, தங்களைச் சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளித் தம்பிக்காக, பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும், ஆண்டுக்கு 75,000 ரூபாயும், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாயும் வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து கழிவு கிடைக்கும். செலவழித்த தொகை எவ்வளவானாலும் கழிவு இதே அளவுதான். மருத்துவச் சான்று கட்டாயம். இன்னொன்று: சக்கர நாற்காலிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்றாலும், தனியாக வாங்கும் பேட்டரிக்கு 18 சதவீதம் என்பதை மனத்தில் வைத்து விலை கேளுங்கள்.

கேள்வி: பழைய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் போட்டால் நெடுநாள் உழைக்கும் என்கிறார்களே?
— வாசகர், கானாடுகாத்தான்

பதில்: உழைக்கும், எடையும் பாதிக்கு மேல் குறையும். ஆனால் பழைய சார்ஜரில் அதை ஏற்றக் கூடாது. லித்தியத்துக்கு உரிய சார்ஜரும், பேட்டரிக்குள் பாதுகாப்புச் சர்க்யூட்டும் வேண்டும். நாற்காலியைச் செய்த நிறுவனம் லித்தியத்தை ஏற்கிறதா என்று எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.